மீலி மாவில் மரபணு மாற்றம்: கண்டறிவதும் கேள்வி கேட்பதும்

ஊரில் ஆடிக் கூழுக்குக் கேழ்வரகு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மீலி மாவு, அதாவது மக்காச்சோள மாவு. கோயில் அண்டாவில் புளிக்கவைத்துக் காய்ச்சும் அந்த வெள்ளை மாவு பெரும்பாலும் மரபணு மாற்றப்பட்ட மக்காச்சோளத்தில் அரைத்தது. இதில் ரகசியம் எதுவும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல், சோயாவில் ஏறக்குறைய 95 விழுக்காடு, பருத்தியில் கிட்டத்தட்ட முழுவதும் மரபணு மாற்றப்பட்டவை. பூச்சியைத் தாங்கும் மஞ்சள் மக்காச்சோளம் 1998-இல் வந்தது. வெள்ளை 2001-02 பருவத்தில். தீவனத்துக்கோ எண்ணெய்க்கோ போகும் பயிர் வேறு. மனிதர் தட்டில் போட்டு அன்றாடம் உண்ணும் தானியம் வேறு. அப்படிப்பட்ட தானியத்தில் இந்த மாற்றத்தை வணிக அளவில் முதலில் விளைவித்த நாடு இதுதான்.

ஆகவே "நாம் சாப்பிடுகிறோமா?" என்று கேட்கும் காலம் போய்விட்டது. கோயில் கமிட்டியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் சண்டை நடப்பது "நல்லதா, கெட்டதா?" என்பதில். அப்படி மொத்தமாகக் கேட்டால் விடை வராது, கோபம்தான் வரும். எந்தப் பயிர், எந்தப் பண்பு, எந்த வடிவில் கைக்கு வருகிறது, லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு என்று பிரித்துக் கேட்டால் பாதிக் கேள்விகளுக்கு அன்றைக்கே விடை கிடைக்கும். மிச்சத்துக்கு எங்கே எழுதிப் போடுவது என்பதாவது தெரியும்.

இரண்டு பண்புகள், இரண்டு வழக்குகள்

இந்நாட்டு வயல்களில் இருப்பவை பெரும்பாலும் இரண்டே பண்புகள்.

ஒன்று பிடி. மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணுவைப் பயிரில் சேர்த்திருப்பார்கள். அதனால் செடியே க்ரை என்னும் புரதத்தைத் தயாரிக்கிறது. புழு இலையைக் கடித்தால், அதன் காரத்தன்மையுள்ள குடலில் அந்தப் புரதம் கரைந்து, குடல் சுவரில் உள்ள ஏற்பிகளில் ஒட்டித் துளை போடும், புழு சாகும். மனிதக் குடலில் அந்த ஏற்பிகள் இல்லை, வயிற்றில் இருப்பதோ அமிலம். இலக்கு மக்காச்சோளத் தண்டுத் துளைப்பான்.

மற்றொன்று களைக்கொல்லித் தாங்குதிறன். கிளைபோசேட் தெளித்தால் செடிக்குத் தேவையான ஒரு நொதி முடங்கி, செடி காயும். மாற்றப்பட்ட பயிரில் முடங்காத வேறொரு நொதி இருப்பதால் களை மட்டும் காய்ந்து பயிர் நிற்கும். என்கே 603 என்ற மக்காச்சோளம் இந்த வகை. இப்போது விற்கும் விதைகளில் பல இரண்டு பண்பையும் சேர்த்தே சுமக்கின்றன.

இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதுதான் விவாதம் தடம் மாறும் முதல் இடம். பிடி வந்தால் பூச்சிமருந்து குறையலாம். களைக்கொல்லி தாங்கும் பயிர் வந்தால் களைக்கொல்லி கூடலாம். ஒன்றின் நன்மையைச் சொல்லி மற்றொன்றை விற்பவரும் உண்டு. ஒன்றின் தீமையைச் சொல்லி மற்றொன்றைத் திட்டுபவரும் உண்டு.

கூடையைப் பிரியுங்கள்

வீட்டுச் சாமான்களை மேசையில் பரப்புங்கள். மீலி மாவு, மீலி ரைஸ், உடைத்த மக்காச்சோளமான சாம்ப், கார்ன் ஃப்ளவர், மக்காச்சோளம் கலந்த காலை உணவுகள் ஒரு பக்கம். சோயா சங்க்ஸ், சோயா மாவு, சோயா புரதம் கலந்த சாசேஜ், சோயா லெசித்தின் சேர்த்த சாக்லேட், 'வெஜிடபிள் ஆயில்' என்று மட்டும் எழுதிய எண்ணெய் அதே பக்கம். பருத்திக்கொட்டை எண்ணெயும் அங்கேதான். ஐயம் இந்தப் பக்கத்தோடு முடிகிறது.

மறு பக்கம் பெரியது. சூரியகாந்தி எண்ணெயில் ஐயம் வேண்டாம். மரபணு மாற்றப்பட்ட சூரியகாந்தி உலகில் எங்கும் வணிகமாகப் பயிராவதில்லை. துவரை, மைசூர்ப் பருப்பு, கடலை எதுவும் இல்லை. தாய்லாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வரும் அரிசி இல்லை. பளபளக்கும் கத்தரிக்காயைக் கண்டு பயப்பட வேண்டாம்: இந்தியாவில் 2010 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்ட பிடி கத்தரிக்காய் வங்கதேசத்தில் 2014 முதல் பயிராகிறது, டர்பன் மார்க்கெட்டில் இல்லை. தக்காளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, மடும்பி என்னும் சேப்பங்கிழங்கு, பீன்ஸ் எதிலும் இல்லை. உருளைக்கிழங்கில் ஒரு முயற்சி நடந்தது. அந்துப்பூச்சியைத் தாங்கும் பிடி உருளைக்கு விண்ணப்பம் போனது. 2009-இல் அரசு மறுத்துவிட்டது. நம் பாட்டன் பூட்டன் வெட்டிய கரும்பும் இந்நாட்டு வயலில் வணிகமாக மரபணு மாற்றப்படவில்லை, ஆகவே இங்கு விளைந்த சர்க்கரையும் அந்தப் பக்கம்தான்.

உப்பிலும் தண்ணீரிலும் 'நான்-ஜிஎம்ஓ' என்று ஒட்டி விற்கிறார்கள். உப்புக்கு மரபணுவே கிடையாது. அந்தச் சீட்டுக்குக் கூடுதலாக ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. சுத்திகரித்த சோயா எண்ணெயில் டிஎன்ஏவும் புரதமும் ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிடும். எந்த விதையிலிருந்து வந்தது என்பதை எண்ணெயைச் சோதித்துச் சொல்வது மிகக் கடினம். உடல்நலம் உங்கள் கவலை என்றால் எண்ணெயில் கவலைப்பட அதிகம் இல்லை. எந்த விவசாய முறைக்குப் பணம் போகிறது என்பது கவலை என்றால் எண்ணெயும் கணக்கில் வரும். முட்டை, கோழி, பாலுக்கும் இதே பதில்: மாற்றப்பட்ட தீனியைத் தின்ற கோழியின் மரபணு மாறுவதில்லை.

பொட்டலத்தில் எதைத் தேடுவது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2008-இல் நிறைவேறி 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளில் ஏழாவது இதைப் பற்றியது. வரம்புகள் இவை: மரபணு மாற்றப்பட்ட பங்கு 5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்றால் 'உள்ளது' என்று அச்சிட வேண்டும். ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே என்றால் '5 விழுக்காட்டுக்குக் கீழ்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்றால்தான் 'இல்லை' என்று போடலாம். சோதிப்பது நடைமுறையில் முடியாது என்றால் 'இருக்கலாம்' என்று போடலாம்.

பொட்டலத்தின் முன்பக்கத்தில் தேடினால் கிடைக்காது. பின்னால் கூட்டுப்பொருள் பட்டியலுக்குக் கீழே, பெரும்பாலும் ஒவ்வாமைக் குறிப்புக்கு அருகில், கண்ணாடி போட்டாலும் சிரமப்படும் எழுத்தில் இருக்கும். 'ஜெனெடிகலி மாடிஃபைட்' என்ற இரு சொல்லைத் தேடுங்கள். ஜிஎம் என்ற சுருக்கம் மட்டும் இருந்தாலும் அதுதான்.

மூன்று இடத்தில் ஏமாறலாம். முதலாவது, 'இருக்கலாம்' என்பதை 'கொஞ்சம்தான் இருக்கும்' என்று படிப்பது. சோதிக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். அளவு நூறாகவும் இருக்கலாம். இரண்டாவது, எதுவும் எழுதாததை 'இல்லை' என்று எடுத்துக்கொள்வது. மீலி மாவில் எதுவும் எழுதவில்லை என்றால் விதியைக் கடைப்பிடிக்கவில்லை என்று சந்தேகிப்பதே பொருத்தம். மூன்றாவது, 'இயற்கையானது', 'பாரம்பரியச் சுவை' போன்ற வாசகங்கள். அவற்றுக்கும் இந்த விதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கோயிலுக்கு மொத்தமாக வாங்குபவர் 'இல்லை' என்ற மாவு வேண்டுமென்றால் ஆலையிடம் எழுத்தில் நான்கு விவரம் கேளுங்கள்: எந்தக் கூடம் சோதித்தது, எந்தத் தேதி, எந்தத் தொகுதி எண், கண்டறியும் எல்லை எவ்வளவு. பொட்டலத்தில் உள்ள தொகுதி எண்ணும் சான்றிதழில் உள்ளதும் பொருந்த வேண்டும். போன வருடச் சான்றிதழை இந்த வருட மூட்டைக்குக் காட்டுவது சாதாரணமாக நடப்பது.

இவ்வளவு அலைய மனமில்லாதவர்களுக்குச் சுலபமான வழி, தானியத்தையே மாற்றுவது. மாபேலே என்று கடையில் விற்கும் சோளமாவும், இந்தியக் கடைகளில் கிடைக்கும் கேழ்வரகு மாவும் மரபணு மாற்றப்படாதவை. ஒரு கப் மாவுக்கு இரண்டு கப் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, துணி மூடி வையுங்கள். இங்கே ஆடி என்றால் குளிர்காலம். ஓரிரவில் புளிக்காது, இரண்டு இரவு விடுங்கள். நான்கு கப் கொதிநீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கிண்டுங்கள். மீலி மாவைவிட அதிக நேரம் பிடிக்கும், நிறமும் மங்கும். கூழுக்கு அது குறையில்லை. ஊர்க் கூழ் வெள்ளையாக இருந்ததே கிடையாது.

கையிலேயே சோதிக்க: ஸ்ட்ரிப்

டர்பனுக்கு வடக்கே டொங்காட், வெருலம் பக்கம் காணியில் மீலி போடுபவர்களும் மூட்டையாகத் தானியம் வாங்குபவர்களும் சோதனைப் பட்டையைப் பயன்படுத்தலாம். வீட்டில் கர்ப்பம் பார்க்கும் பட்டை வேலை செய்யும் அதே முறைதான். ஒரு பட்டை ஒரு புரதத்தைத்தான் காட்டும், எனவே வாங்கும்போதே எது வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய பிடி வகைகளான மான் 810, பிடி 11 இரண்டுக்கும் க்ரை1ஏபி பட்டை. இப்போது பரவலாக உள்ள மான் 89034-க்கு க்ரை2ஏபி பட்டை. என்கே 603-க்கு அதன் நொதியைக் காட்டும் சிபி4 பட்டை. க்ரை1ஏபி மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு 'இல்லை' என்று வந்ததும் மகிழ்ச்சியடைவது வீண். களைக்கொல்லி தாங்கும் விதைகளிலும் ஜிஏ21 என்ற வகை சிபி4 பட்டையில் தெரியாது. அதில் இருப்பது வேறு நொதி.

இலையில் செய்வது எளிது. பட்டைகளைக் குளிர்பெட்டியில் அவற்றின் குப்பியிலேயே வைத்து, சோதிக்கும் முன் அறை வெப்பத்துக்கு வரவிட்டுத்தான் திறக்க வேண்டும். இல்லையென்றால் ஈரம் கோத்துக் கெட்டுவிடும். சிறு மூடிக் குழாயின் வாயை இலையில் வைத்து மூடியை அழுத்தினால் வட்டத் துண்டு ஒன்று உள்ளே விழும். சிறு குச்சியால் அரை நிமிடம் நன்றாக நசுக்குங்கள். கிட்டில் வந்த கரைசலில் அரை மில்லிலிட்டர் ஊற்றி மீண்டும் கலக்குங்கள். பட்டையை அம்புக்குறி கீழே பார்க்க நிறுத்தி, துண்டுச்சீட்டில் சொன்ன நேரம், பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து நிமிடம், காத்திருங்கள். இரண்டு கோடு என்றால் புரதம் உண்டு. மேல் கோடு மட்டும் என்றால் அந்தப் புரதம் இல்லை. மேல் கோடே வரவில்லை என்றால் சோதனை செல்லாது. 'இல்லை' என்று எழுதிவிடக் கூடாது. அரை மணி கழித்து மங்கலாகத் தோன்றும் கோட்டையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

தானியத்தில் சிக்கல் பட்டையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. மூட்டையின் மேலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்தால் அந்தக் கைப்பிடியைப் பற்றித்தான் தெரியும். மேல், நடு, அடி, இரு ஓரம் என ஐந்து இடத்தில் எடுத்துக் கலந்து, அதிலிருந்து எண்ணி எடுங்கள். எத்தனை மணி? நூற்றுக்கு ஐந்து கலப்பு இருந்தால் அதை 95 விழுக்காடு உறுதியோடு பிடிக்க 59 மணி போதும். நூற்றுக்கு ஒன்றைப் பிடிக்க ஏறக்குறைய 300 மணி வேண்டும். முந்நூற்றையும் ஒன்றாக அரைத்து ஒரே பட்டையை விட்டால், கலந்திருக்கும் ஒற்றை மணி கரைந்து தெரியாமல் போகலாம். எத்தனைக்கு ஒரு மணிவரை காட்டும் என்று துண்டுச்சீட்டில் இருக்கும். நூற்றில் ஒன்று என்றால் நூறு நூறாக மூன்று பங்கு, மூன்று பட்டை. மிக்சியை ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்துக் காயவையுங்கள். மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியில் தங்கும் தூள்தான் பொய்யான இரண்டாம் கோட்டுக்கு வழக்கமான காரணம். மாற்றப்படாதது என்று நம்பும் தானியத்தை முதலில் அரைப்பதும் நல்லது.

சமைத்த கூழிலும் இன்ஸ்டன்ட் கஞ்சியிலும் கார்ன்ஃப்ளேக்ஸிலும் பட்டை வேலை செய்யாது. சூட்டில் புரதம் உருக்குலைந்துவிடும். அதற்கு டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் வேண்டும். ப்ளூம்ஃபாண்டெய்னில் ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே சோதனைக்கூடம் நிறுவப்பட்டது. பிசிஆரில் பொதுவாக முதலில் தேடுவது 35எஸ் என்ற துண்டு. அது காலிஃப்ளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்தது. எனவே காலிஃப்ளவரோ முட்டைகோஸோ கலந்த உணவில் '35எஸ் உண்டு' என்று மட்டும் வந்தால் காய்க்கு நோய் இருந்திருக்கவும் கூடும். எந்த வகை என்று உறுதிசெய்யும் அடுத்த சோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

வயலில்: பிடி போடுபவர்கள்

பிடி விதை வாங்கும்போது கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் ரெஃப்யூஜ் என்ற சொல் இருக்கும். புழுவுக்கு விடும் புகலிடம் அது. நிலத்தில் 5 விழுக்காட்டில் பிடி அல்லாத மக்காச்சோளம் போட்டு அதில் மருந்தடிக்காமல் விடலாம்; அல்லது 20 விழுக்காட்டில் போட்டு மருந்தடிக்கலாம். ஒரு ஹெக்டேரில் முதல் வழிக்கு 500 சதுர மீட்டர், இரண்டாவதற்கு 2,000. புகலிடத்தையும் பிடி வயலையும் ஒரே வாரத்தில் விதையுங்கள். நோக்கம் இதுதான்: பிடி வயலில் தப்பிய ஓரிரு அந்துகள் புகலிடத்தில் வளர்ந்த ஏராளமான சாதாரண அந்துகளோடு இணைந்தால், எதிர்ப்பு குட்டிகளில் கரைந்துபோகும். புகலிடத்தை ஒரு மாதம் தள்ளி விதைத்தால் இரு கூட்டமும் சந்திக்காது, செலவு மட்டும் மிஞ்சும்.

இது வெறும் சம்பிரதாயமாகத் தெரியலாம். இந்த நாட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். மான் 810 வந்து பத்தாண்டு ஆகுமுன்னே, 2006 வாக்கில், கிறிஸ்டியானா பகுதிப் பாசன வயல்களில் பிடி செடியைத் தின்றே வாழும் தண்டுத் துளைப்பான் தென்பட்டது. தொடக்க ஆண்டுகளில் புகலிடம் விட்ட விவசாயிகள் குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடச் சுவையானது பின்னால் ஆய்வில் தெரியவந்தது: எதிர்ப்பு ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது, என்ற அனுமானத்தில்தான் 'கரைந்துபோகும்' என்ற கணக்கே எழுந்தது, இந்தப் புழுவில் அது ஓங்கு பண்பாக இருந்தது. கணக்கின் அடித்தளமே இந்தப் புழுவுக்குப் பொருந்தவில்லை. அதன்பின் இரண்டு க்ரை புரதம் கொண்ட மான் 89034 இறக்கப்பட்டது.

வாரம் ஒருமுறை வயலில் ஐந்து இடத்தில், இடத்துக்குப் பத்துச் செடி பாருங்கள். குருத்து விரியும்போது இலையின் குறுக்கே வரிசையாகக் குண்டூசித் துளைகள் தெரிந்தால் தண்டுத் துளைப்பான். கிழிந்த இலையும் குருத்துக்குள் மரத்தூள்போல் எச்சமும் இருந்தால் படைப்புழு. அதன் தலையில் தலைகீழான ஒய் எழுத்தும் வாலுக்கு முன் சதுரமாக நான்கு புள்ளியும் இருக்கும்; 2017 தொடக்கத்தில் இந்நாட்டில் கண்டறியப்பட்டது. படைப்புழுவுக்கு மான் 810 சரியான காவல் இல்லை. பிடி செடியில் பெரிய துளைப்பான் புழு உயிரோடு இருந்தால் பதறி மருந்தடிக்கும் முன் அந்தச் செடியின் இலையிலேயே பட்டைச் சோதனை செய்யுங்கள். விதைப்பையில் கலந்த சாதாரண விதையாக இருக்கலாம். இரண்டு கோடும் வந்து புழுவும் வாழ்ந்தால் அதுவே செய்தி: விதை நிறுவனத்துக்கும் போச்செஃப்ஸ்ட்ரூமில் உள்ள வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தானியப் பயிர் நிலையத்துக்கும் தெரிவியுங்கள்.

வயலில்: சொந்த விதை எடுப்பவர்கள்

'மரபணு மாற்றப்பட்ட விதை மறுபடி முளைக்காது' என்பது தவறு. மலட்டு விதைத் தொழில்நுட்பத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள், சந்தைக்கு வரவேயில்லை. முளைக்கும். ஆனால் வீரிய ஒட்டு என்பதால் அடுத்த தலைமுறை ஒரே சீராக வராது, காப்புரிமை ஒப்பந்தமும் அனுமதிக்காது. உங்கள் தாத்தா கொடுத்த நாட்டு மீலி விதை வேறு கதை. அதில் பக்கத்து வயலின் மகரந்தம் விழுந்தால் நீங்கள் அறியாமலே பண்பு ஏறிவிடும். கிழக்குக் கேப்பில் சிறு உழவர்களின் சேமித்த விதையில் இது கண்டறியப்பட்டிருக்கிறது.

மகரந்தம் பெரும்பகுதி முப்பது மீட்டருக்குள் விழும், மிச்சம் சொற்பமாக நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். சிறு பாத்திக்கு ஆபத்து அதிகம், ஏனென்றால் சொந்த மகரந்தம் குறைவு. பாதுகாப்பான நானூறு மீட்டர் இடைவெளி டர்பனின் சாட்ஸ்வர்த் தோட்டத்தில் யாருக்கும் இல்லை. மூன்று நான்கு வாரம் தள்ளி விதைத்துப் பூக்கும் நேரத்தைப் பிரிக்கலாம். அதைவிட உறுதியானது கையால் மகரந்தம் சேர்ப்பது. கதிரில் பட்டு இழை வெளிவரும் முன்பே காகித உறை போட்டுக் கட்டுங்கள். ஓர் இழை வெளியே வந்திருந்தாலும் அந்தக் கதிர் விதைக்கு ஆகாது. இழை மூன்று நான்கு சென்டிமீட்டர் நீண்டதும், மாலையில் உச்சி ஆண் பூவுக்கு வேறொரு காகித உறை. மறுநாள் பனி உலர்ந்தபின், மதியச் சூடு ஏறும் முன், அந்த உறையைச் சாய்த்துத் தட்டினால் மஞ்சள் தூள் சேரும். கதிர் உறையைக் கணநேரம் திறந்து இழைமேல் கொட்டி உடனே மூடுங்கள். ஒரே செடியின் தூளை அதன் கதிருக்கே போடாமல் பல செடிகளின் தூளைக் கலந்து போடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். வியர்த்துத் தூள் கட்டியாகும், கட்டியான தூள் செத்த தூள். விதைக்கு எடுக்கும் கதிர்கள் குறைந்தது நூறு செடிகளிலிருந்து வரட்டும். பத்துச் செடியில் எடுத்தால் சில தலைமுறையில் குட்டையாகிக் கதிர் சிறுக்கும், அதற்கு ஜிஎம்மைப் பழி சொல்ல முடியாது.

மேடையில் பேசுபவரை எப்படிக் கேட்பது

மரபணு மாற்றப்பட்ட மக்காச்சோளம் தின்ற எலிக்குக் கட்டி வந்தது என்று படம் காட்டினால்: 2012-இல் பிரான்சில் செராலினி குழு வெளியிட்ட கட்டுரை அது. இதழ் 2013-இல் திரும்பப் பெற்றது, 2014-இல் வேறோர் இதழில் மறுபடி வந்தது. ஒரு பிரிவுக்குப் பத்து எலி, அதுவும் இரண்டாண்டு வயதில் தானாகவே கட்டி வரும் இனம். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016-இல் கிடைத்த ஆய்வுகளை எல்லாம் அலசி, சந்தையில் உள்ள இந்தப் பயிர்களைத் தின்பதால் சாதாரணப் பயிரைவிடக் கூடுதல் ஆபத்து என்பதற்கு நிலைநாட்டிய சான்று இல்லை என்றன. நாங்கள் படித்தவரை உடல்நலக் கேள்வியில் எடை அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

'கோடிக்கணக்கானோர் தின்றும் ஒன்றும் ஆகவில்லை' என்றால்: அது கோஷம், ஆய்வு ஆகாது. இந்தப் புது வகையில் ஒவ்வாமைச் சோதனை நடந்ததா என்று கேளுங்கள். பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் வைத்தபோது ஒவ்வாமையும் கூடவே வந்ததை 1996-இல் கண்டுபிடித்து அந்தச் சோயாவைக் கைவிட்டார்கள். சோதித்ததால்தான் தெரிந்தது.

களைக்கொல்லி பற்றிப் பேசினால் உட்கார்ந்து கேளுங்கள், சரக்கு அங்கே இருக்கிறது. கிளைபோசேட்டை 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என்ற 2ஏ பிரிவில் வைத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உடன்படவில்லை. தெளிப்பவரின் தோலும் நுரையீரலும் முதலில் வரும், தட்டு பிறகு. அதே வேளை இந்நாட்டில் கிளைபோசேட்டுக்கு அடங்காத களைகள் முதலில் தலைதூக்கியது மேற்குக் கேப் திராட்சைத் தோட்டங்களில். அங்கே ஜிஎம் பயிரே கிடையாது.

நன்மை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் நன்மை ஒன்று உண்டு. புழு துளைத்த கதிரில் ஃபியூசேரியம் பூஞ்சை ஏறும், அது ஃபுமோனிசின் என்ற நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சை 1988-இல் பிரித்தெடுத்ததே தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள். கிழக்குக் கேப்பின் ட்ரான்ஸ்கை பகுதியில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிகுந்திருப்பதோடு அதைத் தொடர்புபடுத்திப் பல ஆய்வுகள் உண்டு. துளை குறைந்த பிடி கதிரில் பல ஆய்வுகளில் இந்த நஞ்சும் குறைந்திருந்தது. நாட்டு மீலி தின்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பூஞ்சை படிந்த, நிறம் மாறிய, உடைந்த மணிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தண்ணீரில் கழுவிக் கழுநீரைக் கொட்டினால் நஞ்சில் பெரும்பகுதி போய்விடும். பொறுக்கிய மணியைக் கோழிக்குப் போடாதீர்கள்.

லாபம் யாருக்கு என்ற கேள்விக்கு மக்காத்தினி சமவெளியைப் பாருங்கள். வடக்குக் குவாசுலு-நட்டாலின் அந்தச் சிறு உழவர்கள் 1990-களின் இறுதியில் பிடி பருத்திக்கு மாறினார்கள். சில ஆண்டில் ஏறக்குறைய எல்லோரும். மருந்தடிப்பு குறைந்தது உண்மை. உலகமெங்கும் வெற்றிக்கதையாகச் சொன்னார்கள். விதைக்குக் கடன் கொடுத்து, பருத்தியை வாங்கி, கடனைக் கழித்தது ஒரே நிறுவனம். இரண்டாவது ஆலை வந்ததும் உழவர்கள் அங்கே விற்றார்கள், கடன் திரும்பவில்லை, அடுத்த பருவம் கடனே இல்லை, பருத்தி சுருங்கியது. மரபணு தன் வேலையைச் செய்தது. கடனும் சந்தையும் செய்யவில்லை. இரு கட்சியும் இந்தக் கதையில் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் சொல்லும்.

எழுதிப் போடுவது

மரபணு மாற்றப்பட்ட உயிரிகளுக்கான சட்டம் 1997-ஆம் ஆண்டின் 15-ஆவது. 1999 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. மரபணுத் திருத்தம் (ஜீன் எடிட்டிங்) செய்த பயிர்களும் இதற்குள்தான் என்று 2021 அக்டோபரில் முடிவானது. விண்ணப்பங்களை அறிவியலாளர் குழு பார்க்கும், பல அமைச்சகங்களின் அதிகாரிகள் அடங்கிய செயற்குழு முடிவெடுக்கும். புதுப் பயிரை வெளியிட விண்ணப்பிப்பவர் செய்தித்தாளில் அறிவிப்பு போட வேண்டும். பொதுமக்கள் கருத்துக்குக் குறைந்தது 30 நாள் உண்டு. ப்ரிட்டோரியாவில் வேளாண் துறையின் பதிவாளருக்கு எழுத வேண்டும்.

'ஜிஎம் வேண்டாம்' என்ற ஒரு வரி, ஆயிரம் பேர் கையெழுத்திட்டாலும், கோப்பில் ஒரு வரிதான். அறிவிப்பில் உள்ள பயிரின் பெயரும் குறியீட்டு எண்ணும் முதல் வரியில் இருக்கட்டும். பிறகு ஒரு பண்புக்கு ஒரு கேள்வி: புகலிடத்தை யார் கண்காணிப்பார்கள், எதிர்ப்பு எழுந்தால் யார் பொறுப்பு, பக்கத்துச் சிறு உழவரின் விதைக்கு என்ன ஏற்பாடு. ஆதரித்து எழுதுபவரும் இப்படியே எழுதலாம். சான்று வைத்த ஆட்சேபத்துக்கு எடை உண்டு என்பதற்கு 2024 அக்டோபர் தீர்ப்பு ஒரு கண்கூடு. வறட்சி தாங்கும் மான் 87460 மக்காச்சோளத்துக்கு 2015-இல் கொடுத்த அனுமதியை உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. ஆட்சேபித்தவர்கள் வைத்த நிபுணர் சான்றை அதிகாரிகள் உரியபடி பரிசீலிக்காததே காரணம். அந்த மக்காச்சோளம் விஷம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக ஃபார்வர்டு வந்தால் நம்பாதீர்கள்.

விண்ணப்பக் கோப்பு வேண்டுமென்றால் 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பெரிய நிறுவனம் வழக்கில் செலவுத்தொகையை உங்கள் தலையில் கட்டிவிடும் என்ற பயத்துக்கு 2009-இல் பயோவாட்ச் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: அரசுக்கு எதிராக நல்லெண்ணத்தோடு அரசியலமைப்பு உரிமைக்காக வழக்காடித் தோற்றவர்மீது பொதுவாகச் செலவைச் சுமத்தக் கூடாது. பொட்டலத்தில் லேபிள் இல்லாத குறை வேறு வாசலுக்குப் போகும், தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு. பொட்டலத்தின் நான்கு பக்கமும், தொகுதி எண்ணும், ரசீதும் தெரியப் படமெடுத்து இணையுங்கள். மாவைக் கொட்டிவிட்டுப் பையைக் குப்பையில் போட்டபின் புகார் எழுத உட்கார்ந்தால் எழுத எதுவும் இருக்காது.